மூன்று அறை விடுதியில் பீர் பரிமாற உரிமம் கிடைக்குமா?

கேள்வி: கோத்தகிரிக்குப் பக்கத்தில் எங்கள் ஹட்டியை (படகர் ஊர்) ஒட்டி இரண்டு ஏக்கர் தேயிலை இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை மட்டும் நம்பிக் காலம் தள்ள முடியாமல், வீட்டோடு சேர்த்து 3 அறைகளும் 16 பேர் உட்காரும் சாப்பாட்டுக் கூடமும் கட்டினோம். வருகிறவர்களில் பாதிப் பேர் இரவில் பீர் கேட்கிறார்கள். இல்லை என்றால் வேறு இடம் பார்க்கிறார்கள். கோவையிலிருந்து வந்த ஒருவர், மனமகிழ் மன்றம் என்று பதிவு செய்து பார் உரிமம் வாங்கித் தருவதாகச் சொல்லி, 2 லட்சம் ரூபாய் முன்பணம் கேட்கிறார். கர்நாடகத்தில் சின்ன ஓட்டல்களிலும் தருகிறார்களே, நமக்கு ஏன் முடியாது?
வாசகி, கோத்தகிரி வட்டம்

பதில்: அந்த 2 லட்சத்தைக் கொடுக்காதீர்கள் அம்மா. மற்றதைப் பிறகு பேசுவோம்.

மது, அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையில் மாநிலப் பட்டியலில் வருகிறது. அதனால் முதுமலையைத் தாண்டிக் கர்நாடகத்தின் குண்டல்பேட்டை போனால் ஒரு சட்டம், நாடுகாணி தாண்டிக் கேரளத்தின் வழிக்கடவு இறங்கினால் இன்னொரு சட்டம். நம்மை ஆள்வது 1937-ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம். இதில் தடைதான் பொது விதி. உரிமம் என்பது அதற்கு விலக்கு. சில்லறை விற்பனை 2003 நவம்பரிலிருந்து டாஸ்மாக் கையில் இருக்கிறது. உட்கார வைத்துப் பரிமாறும் உரிமங்களை 1981-ஆம் ஆண்டு விதிகள் வகைப்படுத்துகின்றன. அந்த வகைகளில் சிறிய சாப்பாட்டுக் கடைக்கென்று ஒன்றுமே கிடையாது.

எஃப்.எல்.3 என்ற உரிம வகை நட்சத்திர ஓட்டல்களுக்கு உரியது. நட்சத்திரத் தகுதி பெறக் குறைந்தது 10 அறைகள் வேண்டும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் ஹோம்ஸ்டே வகைக்கோ 6 அறைதான் உச்சவரம்பு. இன்னும் மூன்று அறை கட்டினாலும் அந்தப் பக்கம் போய்ச் சேர மாட்டீர்கள்.

அவர் சொல்லும் மனமகிழ் மன்றம் எஃப்.எல்.2. அது லாப நோக்கமில்லாத சங்கத்துக்கானது. உறுப்பினரும் அவர் அழைத்து வரும் விருந்தினரும் குடிக்கலாம். அதன் வருமானத்தை ஒரு குடும்பம் வீட்டுக்கு எடுத்துப் போக முடியாது. ஓர் இரவு தங்க வரும் பயணியை நோட்டில் உறுப்பினராக எழுதிப் பீர் கொடுப்பது மோசடி. அந்த நோட்டில் செயலாளர் என்று கையெழுத்துப் போடப் போவது நீங்களோ உங்கள் வீட்டுக்காரரோதான். சோதனை வரும் நாளில் கோவைக்காரரின் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

அடுத்ததாக டாஸ்மாக் பார் டெண்டர் என்பார். அது கடையை ஒட்டிய இடத்தில் தின்பண்டம் விற்கவும் காலி பாட்டில் சேகரிக்கவும் தரும் உரிமை. மது விற்க அதில் இடமில்லை. 2023 ஏப்ரலில் வந்த சிறப்பு உரிமத்தைப் பற்றியும் பேசலாம். திருமண மண்டபங்களையும் சேர்த்து அறிவித்தார்கள். எதிர்ப்பு எழுந்ததும் மண்டபங்களை நீக்கிவிட்டார்கள். மாநாட்டுக் கூடங்களும் விளையாட்டு அரங்குகளும்தான் மிச்சம்.

குன்னூரில் 26 ஆண்டுகளாகச் சிறுகடைகளுக்கு உரிமம், பதிவு வேலைகளைச் செய்து கொடுக்கிறேன். இதே போலப் பணம் கட்டிய மெஸ்காரர் ஒருவர், ஒரு மழைநாள் மாலையில் பிளாஸ்டிக் உறைக்குள் சலான் நகலை வைத்து, நனையாமல் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தார். அரசுக்குப் பணம் கட்டியாயிற்று, உரிமம் எப்போது வரும் என்று கேட்டார். கணக்குத் தலைப்பைப் பார்த்தேன்: 0029. அது நிலவரி. மது உரிமக் கட்டணம் 0039-இல் போய்ச் சேர வேண்டும். கருவூல முத்திரையும் யாரோ கையால் வரைந்தது போல் இருந்தது. தரகர் அதற்குள் கைப்பேசி எண்ணை மாற்றிவிட்டார். மனைவியின் நகையை அடகு வைத்துக் கொடுத்த பணம் அது. அந்த மனிதர் என் மேசை முன்னால் உட்கார்ந்திருந்த நேரத்தை என்னால் மறக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அந்த வரியை எழுதியது அதனால்தான்.

உரிமம் தருபவர் சென்னையில் இருக்கும் மதுவிலக்கு, ஆயத்தீர்வை ஆணையர். மாவட்டத்தில் விசாரிக்க வேண்டிய இடம் ஊட்டி ஆட்சியர் அலுவலகத்தின் கலால் பிரிவு. 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் உரிமை மனு எழுதி, உங்கள் அளவுள்ள விடுதிக்கு எந்த வகை உரிமம் உண்டு என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்; அதைக் கோவைக்காரரிடம் காட்டுங்கள்.

இன்னொன்றையும் கவனியுங்கள். வருகிறவர் தானே வாங்கி வந்து கூடத்தில் குடிக்கட்டும் என்று விடாதீர்கள். உரிமம் இல்லாத இடத்தில் குடிக்க அனுமதித்தால் இடத்தின் சொந்தக்காரர் மேலும் வழக்கு வரும். அறை பதிவு செய்யத் தொலைபேசியில் அழைக்கும்போதே இதைச் சொல்லிவிடுங்கள். நம் மாவட்டத்தில் 2022 மே மாதத்திலிருந்து ஒவ்வொரு பாட்டிலுக்கும் 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைத் திருப்பினால் கொடுக்கிறார்கள். காட்டில் வீசும் பாட்டில் உடைந்து யானையின் காலைக் கிழிக்கிறது என்று உயர் நீதிமன்றம் தலையிட்டதால் வந்த ஏற்பாடு அது. குஞ்சப்பனை வழியாக வருகிற உங்கள் விருந்தினர் எல்லோரும் யானை நடக்கிற பாதையைக் கடந்துதான் வருகிறார்கள். அதையும் அவர்களிடம் சொல்லுங்கள்.

பீர் கேட்டுத் திரும்பிப் போகிற பாதிப் பேரை எண்ணுகிறீர்கள். குழந்தைகளோடும் வயதான பெற்றோரோடும் வருகிற மறுபாதிக்கு, குடிக்கூச்சல் இல்லாத விடுதி என்பதே பெரிய விஷயம். உங்கள் விளம்பரத்தில் அதைத் தைரியமாக முதல் வரியில் போடுங்கள். உங்கள் தோட்டத்துத் தேயிலையையும் அவரைக் குழம்பையும் இரண்டாவது வரியில் போடுங்கள்.

கேள்வி: எங்கள் தோட்டத்து பிளம்ஸ் பழத்தில் வீட்டிலேயே வைன் செய்து, கிறிஸ்துமஸுக்குத் தெரிந்தவர்களுக்கு மட்டும் விற்கலாமா?
வாசகர், கொடைக்கானல்

பதில்: கூடாது. வீட்டில் செய்தாலும், பத்தே பாட்டிலானாலும், உரிமம் இல்லாமல் புளிக்க வைத்து மது தயாரிப்பதே நம் மாநிலத்தில் குற்றம்; விற்றால் இன்னொரு குற்றம். ஜாமும் ஸ்குவாஷும் போடுங்கள். குன்னூரில் தோட்டக்கலைத் துறையின் பழம் பதப்படுத்தும் நிலையத்தில் இதைத்தான் செய்கிறார்கள். விற்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு போதும். அதற்கு எந்தத் தரகரும் தேவையில்லை.