போர்க்கால நீர்மூழ்கி வீரர்கள் அன்பான குடும்பத் தலைவர்களாக எப்படி மாறினார்கள்?

இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து போரிட்டவர்கள், வீடு திரும்பிய பிறகு அன்பான கணவர்களாகவும் தந்தையராகவும் எப்படி மாறினார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அவர்களுடைய வாழ்க்கையைப் பல ஆண்டுகளாக விரும்பிப் படித்து வருபவன் என்ற முறையில், என் மனத்துக்கு மிகவும் நெருக்கமான ஒருவரை முன்வைத்தே இதற்குப் பதில் எழுத விரும்புகிறேன். அவர் அமெரிக்கக் கடற்படையைச் சேர்ந்த யூஜின் ஃப்ளக்கி. அவரைப் பொறுத்தவரை ‘மாறினார்’ என்ற சொல்லே பொருந்தாது என்பது என் கருத்து.

1944 ஏப்ரலில் ‘பார்ப்’ என்ற நீர்மூழ்கிக் கப்பலின் தலைமையை ஏற்றபோது அவருக்கு வயது 30. மனைவி மார்ஜரியும் ஒரு சிறு மகளும் அவருக்காக வீட்டில் காத்திருந்தார்கள். அவர் ஏற்ற பணி எத்தகையது என்பதை ஒரு கணக்கே சொல்லிவிடும். அந்தப் போரில் அமெரிக்கா 52 நீர்மூழ்கிக் கப்பல்களை இழந்தது. அவற்றோடு ஏறத்தாழ 3,500 பேர் மாண்டார்கள். களத்துக்குச் சென்றவர்களில் ஐந்தில் ஒருவர் திரும்பவில்லை. ஏறத்தாழ 95 மீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புக் கூட்டுக்குள் எண்பது பேர் வாரக்கணக்கில் அடைபட்டிருப்பார்கள். மேலே எதிரிக் கப்பல் வெடிகுண்டுகளை வீசும்போது மூச்சுவிடும் ஓசைகூடக் கேட்காதபடி இருளில் காத்திருப்பார்கள். அங்கே ஒருவருடைய கவனக்குறைவு எல்லோருடைய உயிரையும் வாங்கிவிடும்.

ஃப்ளக்கி தயங்கி நின்றவர் அல்லர். 1945 ஜனவரியில் சீனக் கடற்கரையின் நாம்குவான் துறைமுகத்துக்குள், கப்பல் மூழ்கி மறைய முடியாத ஆழமற்ற நீரில், இரவோடு இரவாக நுழைந்து தாக்கிவிட்டுத் திரும்பினார். அமெரிக்காவின் மிக உயர்ந்த வீரப் பதக்கமான மெடல் ஆஃப் ஆனர் அதற்காகவே கிடைத்தது. இது எல்லா நூல்களிலும் விரிவாக உள்ளது. நான் சொல்ல விரும்புவது, அதே ஆண்டு ஜூலையில் நடந்த வேறொன்றைப் பற்றி.

அப்போது ஜப்பானிடம் இருந்த கராஃபுட்டோவில், அதாவது சகலின் தீவின் தென்பகுதியில், கரையோரமாக ஓடிய ரயில் பாதையைத் தகர்க்க எட்டுப் பேரை ரப்பர்ப் படகுகளில் அனுப்ப முடிவு செய்தார். கப்பலில் இருந்த எல்லோரும் போகத் துடித்தார்கள். அவர் வகுத்த நிபந்தனைகளைப் பாருங்கள்: திருமணமானவர்கள் போகக் கூடாது, இருளில் வழி கண்டுபிடிக்கவும் காயத்துக்குக் கட்டுப்போடவும் தெரிந்திருக்கும் என்பதால், குறைந்தது பாதிப் பேராவது சிறுவயதில் சாரணர்களாக இருந்திருக்க வேண்டும். முதல் நிபந்தனைக்கு ஒரே ஒருவர் விதிவிலக்கானார். தண்டவாளம் ரயிலின் பாரத்தால் அழுந்தும்போது தானாகவே குண்டு வெடிக்கும்படி ஒரு விசையைப் பொருத்தும் யோசனையைச் சொன்ன மின்பணியாளர் அவர். அந்த விசை இருந்ததால், ரயில் வரும்வரை கரையில் ஒருவரும் மறைந்து காத்திருக்கத் தேவைப்படவில்லை. ஜூலை 23 அன்று எட்டுப் பேரும் பத்திரமாகக் கப்பலுக்குத் திரும்பினார்கள். வெடித்துச் சிதறிய ரயிலில் இருந்தவர்களுக்கும் வீடு வாசல் இருந்தது என்பதை நான் மறக்கவில்லை; அந்தத் துயரத்தை எந்தப் பதக்கமும் ஈடுசெய்யாது. ஆனாலும், தன்னை நம்பி வந்தவர்களை அனுப்பும் இடத்தில், ஒவ்வொருவருக்கும் பின்னால் யார் காத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்த மனம் ஒரு குடும்பத் தலைவரின் மனம்தான்.

1944 செப்டம்பரில் நடந்ததும் அத்தகையதே. பிரிட்டிஷ், ஆஸ்திரேலியப் போர்க் கைதிகளை ஏற்றிச் சென்ற ‘ராக்குயோ மாரு’ என்ற ஜப்பானியக் கப்பல், உள்ளே கைதிகள் இருப்பது தெரியாமல் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்றால் தாக்கப்பட்டு மூழ்கியது. ஐந்து நாள்களுக்குப் பிறகும் எண்ணெய் படர்ந்த உடலோடு அவர்களில் சிலர் கடலில் மிதந்துகொண்டிருந்தார்கள். புயல் நெருங்கி வந்த வேளையில் ஃப்ளக்கி அங்கே விரைந்து சென்று 14 பேரை மீட்டார்.

போருக்குப் பின் அவர் படிப்படியாக உயர்ந்து, ரியர் அட்மிரலாக 1972இல் ஓய்வு பெற்றார். இத்தனை பதக்கங்கள் பெற்றவர், தாம் மிகவும் பெருமைப்படுவது தம் கப்பலில் ஒருவருக்கும் கிடைக்காத பதக்கத்தை எண்ணித்தான் என்று சொல்லிவந்தார். போரில் காயமுற்றவர்களுக்கும் உயிரிழந்தவர்களுக்கும் தரப்படும் பர்ப்பிள் ஹார்ட் பதக்கம் அது. ஐந்து பயணங்களுக்குத் தலைமை தாங்கிய அவர், தம்மோடு வந்தவர்களை அவரவர் வீட்டாரிடம் உயிரோடு ஒப்படைத்தார் என்பதே அதன் பொருள்.

ஓய்வுக்குப் பிறகு அவரும் மார்ஜரியும் போர்ச்சுகலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றைச் சில ஆண்டுகள் நடத்தினார்கள். அவரைப் பற்றிப் படித்தவற்றில் என் நெஞ்சைத் தொட்ட செய்தி இதுதான். விருதும் புகழும் பெற்ற பிறகு ஓய்வாக இருந்திருக்கலாம். அவர்களோ பெற்றோர் இல்லாத பிள்ளைகளைக் கவனிக்கும் வேலையை இருவருமாகச் சேர்ந்து எடுத்துக்கொண்டார்கள். 42 ஆண்டு இல்லறத்துக்குப் பின் 1979இல் மார்ஜரி காலமானார். ஃப்ளக்கி 2007 ஜூனில், தமது 93ஆம் வயதில், கடற்படைப் பயிற்சிக்காக இளமையில் வந்து சேர்ந்த அதே அனாபொலிஸ் நகரில் மறைந்தார்.