வீட்டுக்கு வந்தபிறகு குடித்தேன், வழக்கு நிற்குமா?

கேள்வி: கேரளத்து ஆரியங்காவில் நின்றிருந்த ஆட்டோவை என் கார் உரசிவிட்டது. பயத்தில் நிற்காமல் எல்லைக்கு இந்தப் பக்கம், தமிழ்நாட்டுப் புளியரையில் உள்ள வீட்டுக்கு வந்து, படபடப்பு அடங்க இரண்டு லார்ஜ் போட்டேன். ஒன்றரை மணி நேரம் கழித்து கேரள போலீஸார் வந்து ஊதச் சொன்னார்கள். 62 காட்டியது. ஓட்டும்போது நான் குடிக்கவில்லை. தப்ப முடியுமா?

பதில்: மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி, வண்டி ஓட்டும்போது 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராமுக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் குற்றம். வீட்டில் உட்கார்ந்து குடித்தது அதில் வராது. ஆகவே உங்கள் வாதம் செல்லுபடியாகும். ஆனால் மாட்டிக்கொண்டவர் எல்லாரும் இதையே சொல்வதால், வெறும் வாய்ச்சொல்லை மாஜிஸ்திரேட் நம்பமாட்டார்.

இரண்டு லார்ஜ் என்றால் 120 மில்லி. சராசரி உடம்புக்கு 62 மில்லிகிராம் அதோடு ஏறக்குறைய ஒத்துப்போகிறது. 150 காட்டியிருந்தால் கதை கந்தல். எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், பாட்டிலில் மிச்சம் எவ்வளவு, மனைவி தவிர யார் பார்த்தார்கள் என்பதை இன்றே எழுதிவையுங்கள். அன்றிரவே போலீஸிடம் இதைச் சொன்னீர்களா என்பதுதான் முக்கியம். பில் இருந்தால் நல்லது. நம்மில் யார் பில் வாங்குகிறோம்?

கோர்ட் வாசலில் ஒருவர் வந்து, ‘பத்தாயிரம் கட்டி ஒத்துக்கிட்டா இன்னைக்கே முடிஞ்சிரும் அண்ணாச்சி’ என்பார். ஒத்துக்கொண்டால் அது தண்டனைத் தீர்ப்பு. முதல் தடவைக்கே ஆறு மாதம் வரை சிறைக்கு வழியுண்டு, லைசென்ஸும் முடங்கலாம், கார் ரிப்பேருக்கு இன்சூரன்ஸ்காரர் கையை விரிப்பார். ஒத்துக்கொள்ளச் சொன்ன ஆளுக்குக் கமிஷன் மட்டும் மிச்சம்.

‘ரெண்டு மணி நேரத்தில் டாக்டரிடம் கொண்டுபோகவில்லை, கேஸ் தள்ளுபடி’ என்பதும் அந்தக் கோர்ட் வாசல் ஆட்கள் சொல்வதுதான். 202-ஆம் பிரிவின் அந்த இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டியதிலிருந்து ஓடுவதில்லை, கைதானதிலிருந்து ஓடுவது. அது தாண்டினால் உங்களைக் காவலிலிருந்து விடவேண்டும், அவ்வளவே. வழக்கு அப்படியே இருக்கும். கைதே ஆகாதவருக்கு அந்த விதி எதற்கு?

நிற்காமல் வந்தது தனித் தலைவலி. அடுத்தவர் சொத்துக்குச் சேதமானால் 24 மணி நேரத்துக்குள் ஸ்டேஷனில் சொல்லவேண்டும் (134-ஆம் பிரிவு). கருவியில் ஊதியபோது வந்த சீட்டின் நகலையும், கருவியைக் கடைசியாகச் சரிபார்த்த சான்றையும் வக்கீல் மூலம் கேளுங்கள். ரத்தம் எடுத்திருந்தால் லேப் அறிக்கைக்கு மாதக்கணக்கில் காத்திருக்கவேண்டி வரலாம். அந்த வேகத்தில்தான் நம் அமைப்பு நகர்கிறது. சம்பவம் நடந்தது கேரளத்தில் என்பதால் வழக்கும் அங்கேதான், காகிதங்கள் மலையாளத்தில் இருக்கும். படித்துச் சொல்ல ஆளில்லாமல் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.