கடன் கேட்கலாமா?

கேள்வி: ஆய்வுக்காக ஐந்து மாதமாக வெளிநாட்டுக் கிராமம் ஒன்றில் இருக்கிறேன். கைக்காசைப் போட்டுச் செலவு செய்தேன். பில் அனுப்பியும் பல்கலைக்கழகத்திலிருந்து பணம் வரவில்லை. இப்போது கார்டும் முடங்கிவிட்டது. நெறியாளரிடம் சொல்லக் கூச்சம். தங்கியிருக்கும் வீட்டாரிடம் கடன் கேட்கலாமா?

பதில்: வேண்டாம். நான் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். நான் ஆராயப் போனதே அந்த ஊரின் கொடுக்கல் வாங்கலைத்தான். வீட்டுக்காரரிடம் கைநீட்டிய மறுநாள், யார் யாருக்கு எவ்வளவு தரவேண்டும் என்ற என் பட்டியலில் என் பெயரையும் எழுத வேண்டியதாயிற்று. அதன்பிறகு அவரிடம் வட்டியைப் பற்றி வாய் திறக்க முடியவில்லை. மூன்று வாரக் குறிப்பு வீண்.

இன்று இரவே நெறியாளருக்கு எழுதுங்கள். புலம்பல் வேண்டாம். கையில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை நாள் தாங்கும், எந்தத் தேதியில் அனுப்பிய பில் நிற்கிறது, அவ்வளவு போதும். மீதி மாதங்களுக்கு முன்பணம் கிடைக்குமா என்றும் கேளுங்கள். கேட்காதவர்களுக்கு யாரும் தானாகத் தருவதில்லை. படகுக்காரர், பைக் ஓட்டுபவர் பில் தரமாட்டார்கள். தேதி, தொகை, கையெழுத்தோடு நோட்டுப் புத்தகத்தில் எழுதிய கணக்கு செல்லுமா என்பதையும் அதிலேயே கேட்டுவிடுங்கள்.

அவசரத்துக்கு உங்கள் வீட்டிலிருந்து வெஸ்டர்ன் யூனியன் மாதிரி பணம் அனுப்பும் சேவை ஏதாவது ஒன்றில் அனுப்பச் சொல்லுங்கள். பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். ஓர் எழுத்து மாறியதால் நான் கவுன்டரிலிருந்து வெறுங்கையோடு திரும்பினேன், பேருந்துக் கட்டணமும் போச்சு.

சொந்த ஊரில் நமக்காக ஓடியாட ஒருவர் இருப்பது பெரிய விஷயம். இயற்கை ஆய்வாளர் ஆல்ஃபிரெட் ரஸ்ஸல் வாலஸ் அமேசானிலிருந்து திரும்பும்போது, 1852இல், கப்பல் தீப்பிடித்து அவர் சேகரித்து உடன் கொண்டுவந்தவை அநேகமாக எல்லாமே போயின. லண்டனிலிருந்த அவருடைய முகவர் ஸ்டீவன்ஸ் முன்கூட்டியே காப்பீடு செய்திருந்ததால் ஏதோ கொஞ்சம் பணம் தேறியது.

வங்கியிடம் பேசும்போது, ஓடிபி எந்த எண்ணுக்குப் போகிறது என்று பாருங்கள். ரோமிங் இல்லாத பழைய சிம்முக்குப் போய்க்கொண்டிருந்தால் கார்டு உயிர்பெற்றும் பயனில்லை. அப்புறம், ஏடிஎம் திரை ‘உங்கள் நாட்டுப் பணத்தில் கணக்கிடவா?’ என்று கேட்டால் வேண்டாம் என்று அழுத்துங்கள். பெரும்பாலும் அந்த விகிதம் நமக்கு நஷ்டம்தான். நான் நான்கு மாதம் ‘சரி’ என்றே அழுத்திக்கொண்டிருந்தேன்.