பின் சில்லு சுழன்றால் என்ன செய்வது? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கனடாவில் இருக்கிற என் தம்பி, வீட்டுப் பாதையில் பனி தள்ளுவதற்கென்று, முன்பக்கம் வாளி பூட்டிய சின்ன உழவு இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறான். வாளி நிறையப் பனியை அள்ளித் தூக்கினால் பின் சில்லு நின்ற இடத்திலேயே சுழல்கிறதாம். நான் வயலில் மெசின் ஓடுகிறவன் என்பதால் என்னிடம் கேட்கிறான், ரயருக்குள் தண்ணீர் விடலாமா என்று. என்ன சொல்ல?
– வாசகர், வட்டக்கச்சி

பதில்: வெறும் தண்ணீர் மட்டும் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். அந்தக் குளிரில் தண்ணீர் ரயருக்குள்ளேயே ஐஸ் கட்டியாகிவிடும், அப்படியே ஓடினால் ரயரும் ரியூப்பும் கெட்டுப்போகும். அங்கே கல்சியம் குளோரைட் கரைத்து விடுவார்கள். அது தண்ணீரைவிடக் கனம், விலையும் குறைவு, ஆனால் ஒரு சொட்டு கசிந்தாலும் ரிம்மைத் துரு தின்றுவிடும். கார்க் கண்ணாடி கழுவ விடுகிற குளிர்காலத் திரவத்தையும் பலர் விடுகிறார்கள், அது துருப்பிடிக்க வைக்காது. ரேடியேற்றருக்கு விடுகிற எதிலீன் கிளைக்கோல் மட்டும் வேண்டவே வேண்டாம். அது இனிக்கும், கசிந்தால் நாய் நக்கிச் செத்துப்போகும். எதை விட்டாலும் வால்வை உச்சிக்கு வரும்படி சில்லைத் திருப்பி வைத்து, முக்கால் பங்குக்கு விட்டால் போதும், மிச்சத்துக்குக் காற்று இருக்க வேண்டும்.

ஆனால் தம்பிக்கு முதலில் தேவைப்படுவது ரயருக்குள் விடுகிற பாரம் இல்லை, மெசினுக்குப் பின்னால் தொங்குகிற பாரம். நம் கிணற்றுத் துலாவை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியில் சுமை ஏறும்போது முன் அச்சு ஆடுகாலாக நிற்கிறது, முன்பக்கம் தாழப் பின்பக்கம் கிளம்புகிறது, சில்லு நிலத்தைப் பிடிக்காமல் சுழல்கிறது. நாலு சில்லும் இழுக்கிற மெசின் என்றாலும் பின் சில்லில் பாரம் இல்லாவிட்டால் பாதி இழுவை போச்சு. இன்னொன்றும் இருக்கிறது, சின்ன மெசின்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின் சில்லுக்குத்தான், ஆகவே சரிவான பாதையில் பின்பக்கம் லேசானால் நிறுத்துவதும் கஷ்டம். துலாவின் அடிப்பக்கத்தில் கல் கட்டுவதைப் போலக் கலப்பை பூட்டுகிற மூன்று கைகளிலும் ஒரு பாரப்பெட்டியைப் பூட்டச் சொல்லுங்கள். பெட்டிக்குள் கொங்கிறீற் போடலாம், மணல் போடலாம்.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது, எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 1.6 மீற்றர் என்று வைப்போம். பின் அச்சிலிருந்து 0.8 மீற்றர் தள்ளி 300 கிலோ தொங்குகிறது. பின் சில்லுகளுக்குக் கிடைப்பது 300 இல்லை, 450 கிலோ! மிச்ச 150 கிலோ முன் அச்சிலிருந்து எடுக்கப்பட்டது. வாளிச் சுமையால் நசிந்துகொண்டிருக்கிற முன் அச்சுக்கும் அது நிம்மதி. அதற்காக அளவில்லாமல் ஏற்றக் கூடாது, வாளி வெறுமையாக இருக்கும்போது முன் சில்லு லேசாகி ஸ்டியரிங் பிடிக்காது. எவ்வளவு தாங்கும் என்பது மெசினோடு தந்த புத்தகத்தில் இருக்கும், அதை மீற வேண்டாம்.

பாதையில் பனி உருகி மறுபடி உறைந்து கண்ணாடி மாதிரிக் கிடந்தால் பாரம் மட்டும் உதவாது, பின் சில்லுக்குச் சங்கிலி போட வேண்டும். ஏணிப்படி போலக் குறுக்கே மட்டும் கட்டிய சங்கிலி முன்பின் பிடிக்கும், பக்கவாட்டில் சறுக்கும். வலை போலப் பின்னியது இரண்டு பக்கமும் பிடிக்கும். போடும்முன் சில்லுக்கும் மட்காட்டுக்கும் இடையே இடம் இருக்கிறதா என்று பார்க்கட்டும், கொஞ்சத் தூரம் ஓடியதும் நிறுத்தி மறுபடி இறுக்கட்டும்.

கேள்வி: பின் சில்லுக்குப் பாரம் ஏற்றினால் சேற்று வயலிலும் மெசின் சறுக்காமல் போகுமா?
– வாசகர், முரசுமோட்டை

பதில்: போகாது, இன்னும் புதையும். பனிக்கு அடியில் கெட்டியான தரை இருக்கிறது, பாரம் ரயரை அந்தத் தரையோடு அழுத்துகிறது. இரணைமடுக் குளத்துத் தண்ணீர் பாய்ந்து ஊறிய வயலில் அழுத்துவதற்குக் கெட்டியான தரையே இல்லை. அங்கே தேவை அகலம். அதனால்தான் சேறடிக்கும்போது இரும்புச் சில்லுப் பூட்டுகிறோம், அது பாரத்தைப் பரப்பிவிட்டுச் சேற்றைத் தானே பிடித்துத் தள்ளும். புழுதி விதைப்புக்குக் காய்ந்த நிலத்தை உழும்போது மட்டும் பின் ரயருக்குத் தண்ணீர் விடுவது நல்லது. இங்கே உறையாது, ஆகவே வெறும் தண்ணீரே போதும், ஒரு ரயருக்கு 200 லீற்றர் விட்டால் இரண்டு பக்கமும் சேர்த்து 400 கிலோ. சேற்று வேலைக்கு முன் அதை இறக்கிவிடுங்கள்.

ஒன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பாரத்துக்கென்று கலப்பையிலோ ரொட்டவேற்றரிலோ ஆளை, அதுவும் பொடியன்களை, ஏற்றி நிறுத்தாதீர்கள். ஒரு குலுக்கலில் கால் தவறினால் கத்திக்குள்தான் விழுவார்கள். மண்மூட்டை கட்டுங்கள், மூட்டை கிழிந்தால் மணல்தான் போகும்.

கேள்வி: முருங்கன் பக்கத்துக் கரிய களியில் மெசின் புதைந்தால் பின் சில்லுகளுக்குக் குறுக்கே மரக்கட்டை கட்டி ஏற்றுகிறார்கள். சரியா?
– வாசகி, மன்னார்

பதில்: ஆட்களைக் கொல்கிற பழக்கம் அது. கட்டை நிலத்தில் மாட்டிச் சில்லு திரும்ப முடியாமல் நின்றால் எஞ்சின் மெசினின் மூக்கைத்தான் தூக்கும், கிளச்சை மிதிக்க நேரம் கிடைக்காமல் அப்படியே பின்னால் கவிழும். முதலில் பின்னால் பூட்டியிருப்பதைக் கழற்றுங்கள், சில்லுக்கு முன்னாலும் பின்னாலும் களியை வெட்டி எடுங்கள், வந்த தடத்திலேயே ரிவேர்ஸில் மெதுவாக எடுத்துப் பாருங்கள். இரண்டு சில்லையும் சேர்த்துப் பூட்டுகிற லொக்கைப் போடலாம், ஆனால் நேராகப் போகும்போது மட்டும், திருப்பும்முன் எடுத்துவிட வேண்டும். அப்படியும் வராவிட்டால் இன்னொரு மெசினால் இழுக்கத்தான் வேண்டும். இழுக்கிற மெசினில் சங்கிலியைப் பின் அச்சுக்குக் கீழே இருக்கிற இழுவைக் கம்பியில் மட்டும் பூட்டுங்கள், அச்சுக்கு மேலே எங்கே பூட்டினாலும் இழுக்கிற மெசினும் கவிழும். சங்கிலி அறுந்தால் வீசி அடிக்கும், அதனால் பார்த்துக்கொண்டு நிற்கிற ஆட்களை வரம்புக்கு அப்பால் தூரமாக அனுப்பிவிட்டு இழுங்கள்.