பெருந்தொற்றுக்குப் பிறகு என் குழுவில் எல்லோரும் பதற்றமாகவே இருக்கிறார்கள், ஒருவர் பின் ஒருவராக விலகவும் செய்கிறார்கள். குழுத்தலைவராக நான் என்ன செய்யலாம்?

யாழ்ப்பாணத்தில் திருநெல்வேலிப் பக்கம் ஒரு சின்னக் கந்தோர் எங்களுடையது. லண்டனில் உள்ள சிறு கடைகளுக்கும் உணவகங்களுக்கும் கணக்கு எழுதிக் கொடுக்கிறோம். 2020 மார்ச்சில் ஊரடங்கு போட்டபோது 14 பேர் இருந்தோம். 2023 முடியும்போது அந்த 14 பேரில் மிஞ்சியது என்னையும் சேர்த்து நான்கு பேர். ஆகவே இதை வெற்றிக் கதையாக வாசிக்க வேண்டாம். போகிறவர்களை நிறுத்தும் வித்தை எனக்குத் தெரியாது. இருக்கிறவர்கள் உடைந்துபோகாமல் பார்ப்பதைத்தான் கொஞ்சம் பழகியிருக்கிறேன், அதையும் பிழை விட்டு விட்டுத்தான்.

பெரிய பிழையை முதலில் சொல்கிறேன். 2021 கடைசியில் இரண்டு பேர் அடுத்தடுத்து விலகியதும் எனக்குக் கை கால் ஓடவில்லை. விலகுவதென்றால் மூன்று மாதத்துக்கு முன்பே எழுத்தில் தர வேண்டும், தராவிட்டால் கடைசி மாதச் சம்பளம் இல்லை என்று ஒரு கடிதம் அடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கினேன். எங்கள் ஊரில் ஏற்கெனவே வெளிநாடு போகும் விசா அலுவலை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கண்ணூறு பட்டுவிடும், சரிவராவிட்டால் நாலு பேர் முகத்தில் எப்படி விழிப்பது என்ற பயம். அந்தப் பயத்துக்கு மேலே நான் ஒரு பூட்டையும் போட்டேன். அம்மாவுக்குச் சுகமில்லை என்று லீவு எடுத்தவர்கள் வவுனியாவில் கடவுச்சீட்டு வரிசையில் நின்றார்கள். ஒருநாள் விடியற்காலை, எங்களிடம் இருந்தவர்களிலேயே கெட்டிக்காரத் தம்பி கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து வாட்ஸ்அப்பில் எழுதினான்: "அண்ணா, குறை நினைக்க வேண்டாம். அலுமாரிச் சாவி வலது பக்க லாச்சிக்குள் இருக்கிறது."

லாச்சியைத் திறந்தேன். சாவிக்குக் கீழே இரண்டு தாள்கள். மூன்று வாடிக்கையாளர்களின் வற் வரிக் (VAT) கணக்கு எதுவரை முடிந்திருக்கிறது, எந்தக் கடைக்காரர் பற்றுச்சீட்டுகளைப் பிந்தி அனுப்புவார், யாருக்கு எத்தனை மணிக்கு அழைப்பு எடுக்க வேண்டும் என்று முத்து முத்தாக எழுதி வைத்திருந்தான். ஒரு வாரம் பக்கத்தில் இருந்து சொல்லித் தந்திருக்கக்கூடிய பிள்ளை. வாயைத் திறக்க முடியாமல் செய்தது என் கடிதம்.

பதற்றம் என்பதை நான் விளங்கிக்கொள்ளப் பிந்திவிட்டேன். ஒரு தங்கச்சி தினமும் காலையில் விசைப்பலகையைக் கிருமிநீக்கியால் துடைப்பாள். ஊரடங்கெல்லாம் முடிந்து ஒரு வருடம் கழிந்தும் துடைத்தாள், பாதி எழுத்துகள் அழிந்தே போய்விட்டன. நாங்கள் பகிடி பண்ணினோம், நானும் பண்ணினேன். அவளுடைய தகப்பன் கொவிட்டோடு ஆஸ்பத்திரியில் இருந்த 12 நாளும் அவளால் போய்ப் பார்க்க முடியவில்லை, பிறகு பார்க்கவும் ஆள் இல்லை என்பது எனக்குப் பின்னால்தான் தெரிய வந்தது. புதிய விசைப்பலகை ஒன்று வாங்கிக் கொடுத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கொவிட் பட்ட மூச்சு ஆறுவதற்குள் 2022இன் பொருளாதார நெருக்கடி. பெற்றோல் வரிசை, மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு. யுபிஎஸ் கீச்சிடத் தொடங்கினால் எல்லோரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்ப்பார்கள். அப்படி ஒரு பின்னேரம் எங்கள் மூத்த கணக்காளர், "1995 இடப்பெயர்வில், போருக்குப் பயந்து வலிகாமமே ஒரு இரவில் தென்மராட்சிக்கு நடந்தது, இதெல்லாம் ஒரு கஷ்டமா?" என்றார். ஆறுதலாகத்தான் சொன்னார். இளம்பிள்ளைகள் மூன்று பேர் எழுந்து தேத்தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்கள். இனி அப்படிச் சொல்ல வேண்டாம் என்று தனியே கேட்டுக்கொண்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போது எங்களையும் ஒருவரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்கவில்லை, தம்பி" என்றார்.

கடிதத்தைக் கிழித்தேன். வாய்ப்பனும் தேத்தண்ணீரும் வைத்து எல்லோரையும் கூப்பிட்டு மூன்று விடயம் சொன்னேன். யார் போகப்போகிறார் என்று நான் கேட்க மாட்டேன். சொல்கிறவருக்குச் சம்பள உயர்வு நிற்காது, நல்ல வேலை கைமாறாது. விசா மறுத்தால் அதே கதிரை இருக்கும். ஒருவரும் நம்பவில்லை, நம்பியிருந்தால்தான் ஆச்சரியம். பல மாதம் கழித்து ஒரு தங்கச்சி கனடா விசிட் விசாவுக்குப் போட்டிருப்பதாக வந்து சொன்னாள். மறுத்துவிட்டார்கள். அந்த வருட உயர்வு அவளுக்கு வழமைபோல் கிடைத்தது. சம்பளம் எங்கள் கந்தோரில் ஒருநாளும் இரகசியமாக இருந்ததில்லை என்பதால் ஒரு வாரத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதன் பிறகுதான் மற்றவர்களும் வரத் தொடங்கினார்கள்.

பணத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. எங்களுக்குக் காசு, கூடவே ஏறிய பிரித்தானியப் பவுணில் வந்தது, சம்பளம் ரூபாயில் போனது. பிள்ளைகள் கணக்காளர்கள், இந்தக் கணக்கு அவர்களுக்குத் தெரியாதா? முதலாளியோடு இரண்டு மாதம் வாதாடித்தான் சம்பளத்தில் ஒரு பகுதியைப் பவுண் விலையோடு சேர்த்துக் கட்ட வைத்தேன். உங்கள் இடத்திலும் இப்படி ஏதாவது இருந்தால், மனநலக் கூட்டம் வைப்பதற்கு முன்பு அதைச் சரிசெய்யுங்கள். வயிற்றில் அடித்துவிட்டு மூச்சுப்பயிற்சி சொல்லிக்கொடுத்தால் சிரிப்பார்கள்.

போனவரின் வேலையை இருப்பவர்கள் தலையில் பிரித்து வைக்காதீர்கள். இரண்டு மாதம் புதிய வாடிக்கையாளர் வேண்டாம் என்று சொல்ல வைப்பதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது. போகிறவர்களின் ஊழியர் சேமலாப நிதிப் படிவத்தை நீங்களே நிரப்பிக் கொடுங்கள். அவர்களுடைய 8 வீதமும் நிறுவனத்தின் 12 வீதமும் அவர்கள் பணம்தான், ஆனால் கேட்கக் கூசுகிறார்கள். வாரக்கணக்கில் நித்திரையில்லை என்று ஒருவர் சொன்னால் நீங்கள் வைத்தியராக வேண்டாம். 1926 என்ற தேசிய மனநல உதவி எண்ணைக் கொடுங்கள், ஆஸ்பத்திரிக்குப் போக அரைநாள் லீவு கொடுங்கள், காரணம் கேட்காதீர்கள்.

சென்ற மாதம் ஒரு தம்பி வந்து, எட்டு மாதத்தில் போகப்போவதாகச் சொன்னான். கலியாணம், பெண் பிரான்சில். இப்போதே வற் கணக்கைப் புதிதாக வந்த பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கிறான். நேற்று, "இதைப் பிழைவிட்டால் நான் பாரிஸிலிருந்து வந்து திருத்த மாட்டேன்" என்று அவளை ஏசிக்கொண்டிருந்தது என் மேசை வரை கேட்டது.