ஆப் ‘மூடியிருக்கிறது’ என்கிறது, கதவு மூடியிருக்கிறதா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று போன் ஆப்பில் காட்டும் வயர்லெஸ் சென்சாரை இரும்புக் கதவில் ஒட்டியிருக்கிறேன். கதவை நன்றாகச் சாத்தினாலும் சில நேரம் ‘திறந்திருக்கிறது’ என்றே காட்டுகிறது. சென்சார் பழுதா?

பதில்: பெரும்பாலும் சென்சார் நன்றாகவே இருக்கும். அதைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கதவுக்கு எட்டத்தில் நின்று, அதன் ஜோடியான காந்தத்தை அருகே கொண்டுபோய் விலக்கிப் பாருங்கள். ஆப்பில் ஒவ்வொரு முறையும் நிலை மாறினால் குறை கதவில்தான்.

இந்த சென்சார்கள் பலவற்றில் இருப்பது ரீட் சுவிட்ச். சிறு கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய உலோகத் தகடுகள். காந்தம் நெருங்கினால் ஒட்டும், விலகினால் பிரியும். இரும்பு அந்தக் காந்தப் புலத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் சுவிட்சுக்கு மிச்சம் போய்ச் சேருவது குறைவு. மரக் கதவில் காந்தத்துக்கும் தனக்கும் நடுவே 15 மி.மீ. இடைவெளியைத் தாங்கும் சென்சார் இரும்பில் அதைத் தாங்காது. காந்தத்துக்கும் கதவுக்கும் நடுவே 5 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள பிளாஸ்டிக் அல்லது மரத் துண்டு ஒன்றை வையுங்கள். சென்சாருக்கு அடியிலும் அதே உயரம் கொடுத்தால் இரண்டும் ஒரே மட்டத்தில் வரும், ரேடியோ சிக்னலும் கொஞ்சம் மேம்படும். சென்சாரின் ஒரு பக்கத்தில் சிறு கோடோ அம்புக்குறியோ இருக்கும். காந்தம் அந்தப் பக்கம் பார்த்து இருக்க வேண்டும். மறுபக்கம் ஒட்டினால் நெருங்கினாலும் சரியாக வேலை செய்யாமல் போகலாம்.

அலுமினிய ஜன்னலில் காந்தத்துக்குத் தொல்லை இல்லை. ஆனால் ரேடியோ சிக்னலுக்கு உண்டு.

கேள்வி: ஜிக்பீ (குறைந்த மின்சாரத்தில் ஓடும் ரேடியோ முறை) சென்சார் சில நாள் ஒழுங்காக ஓடுகிறது. பிறகு கதவைத் திறந்தாலும் ஆப்பில் ‘மூடியிருக்கிறது’ என்றே நின்றுவிடுகிறது. ஹப்புக்கும் (சென்சாரின் செய்தியை வாங்கி ஆப்புக்கு அனுப்பும் சாதனம்) கதவுக்கும் நடுவே இரண்டு சுவர்கள் இருக்கின்றன.

பதில்: ஆப் காட்டுவது கதவின் இப்போதைய நிலை என்று நம்பிவிடுகிறோம். உண்மையில் அது சென்சார் கடைசியாக அனுப்பிய செய்தி. பேட்டரியை மிச்சப்படுத்த சென்சார் நாள் முழுக்கத் தூங்குகிறது. கதவு அசைந்தால் விழித்துச் சொல்லும். அதுபோக, குறித்த இடைவெளியில் ‘இருக்கிறேன்’ என்று ஒரு செய்தி அனுப்பும். தொடர்பு அறுந்தாலும் பேட்டரி தீர்ந்தாலும் பழைய ‘மூடியிருக்கிறது’ திரையில் அப்படியே நிற்கும். பாதுகாப்புக்காக சென்சார் வைத்திருப்பவர்கள் முதலில் சரிசெய்ய வேண்டியது இதைத்தான். ‘கடைசியாகச் செய்தி வந்த நேரம்’ உங்கள் ஹப்பில் தெரியுமானால் அதைக் கொண்டு ஓர் ஆட்டோமேஷன் (தானாக இயங்கும் விதி) எழுதுங்கள்: வழக்கமான இடைவெளியைப்போல மூன்று மடங்கு நேரம் சென்சார் பேசாமலிருந்தால் போனுக்கு எச்சரிக்கை வர வேண்டும்.

அடுத்து, தொடர்பு ஏன் அறுகிறது என்று பார்ப்போம். ஜிக்பீயில் பேட்டரியில் ஓடும் சாதனம் பிறருடைய செய்தியைக் கடத்தாது. கடத்துவது எப்போதும் மின்சாரத்தில் இருக்கும் ஸ்மார்ட் பிளக், பல்பு போன்றவைதான். எனவே வழியில் ஒரு ஜிக்பீ பிளக்கைப் போடுங்கள். சென்சாரை ஆப்பிலிருந்து நீக்கிவிட்டு, அது நிற்கப்போகும் இடத்திலேயே வைத்து மறுபடி இணையுங்கள். ஹப் பக்கத்தில் வைத்து இணைத்துவிட்டுக் கதவுக்குக் கொண்டுபோனால் சில சென்சார்கள் ஹப்பையே பிடித்துக்கொண்டு பலவீனமான சிக்னலில் தடுமாறும். சென்சார் தொற்றியிருக்கும் பல்பின் சுவர் சுவிட்சை யாராவது அணைத்தாலும் இதே கதைதான். செய்தி கடத்தும் வேலையைப் பல்பை நம்பி விடாதீர்கள், பிளக்கே நல்லது.

இன்னொரு காரணம் நெரிசல். ஜிக்பீயும் வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியையே பகிர்ந்துகொள்கின்றன. வைஃபை ரவுட்டரை 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றில் நிறுத்தி, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸ் ஆக வையுங்கள். ஜிக்பீக்கு 25ஆவது சேனல் வைஃபை 11க்கும் மேலே விழுவதால் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். ஆனால் ஜிக்பீ சேனலை மாற்றினால் தூங்கும் சென்சார்கள் சிலவற்றை மறுபடி இணைக்க நேரும். கணினியில் செருகும் யூஎஸ்பி குச்சிதான் உங்கள் ஹப் என்றால், அதை யூஎஸ்பி 3 துளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். அந்தத் துளையும் அதில் செருகிய ஹார்டு டிஸ்க்கும் இதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். ஒரு மீட்டர் நீட்டிப்பு கேபிளில் குச்சியைத் தள்ளி வைத்தாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

கேள்வி: வைஃபை சென்சார் வாங்கினால் ஹப்பே வேண்டாமே?

பதில்: ஒன்றிரண்டு கதவுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு முறையும் விழித்து ரவுட்டரோடு இணைந்த பிறகே செய்தி சொல்வதால் சில நொடி தாமதமாகும், பேட்டரியும் அதிகம் தின்னும். நாளெல்லாம் திறந்து மூடும் வாசற்கதவுக்கு ஜிக்பீ, அதைப் போலவே குறைந்த மின்சாரத்தில் ஓடும் த்ரெட், இசட்-வேவ் ஆகியவற்றில் ஒன்றே பொருத்தம்.

கேள்வி: காற்றுக்காக ஸ்லைடிங் ஜன்னலை நாலு விரல் அளவு திறந்து வைப்போம். அப்போதும் இரவு அலாரம் அடிக்கிறது.

பதில்: இரண்டாவது காந்தம் ஒன்று வாங்கி, ஜன்னல் நாலு விரல் திறந்த நிலையில் சென்சாருக்கு நேராக வரும் இடத்தில் ஒட்டுங்கள். அந்த இரு நிலைகளிலும் ‘மூடியிருக்கிறது’ என்று காட்டும். நடுவே தள்ளும்போது சில கணம் ‘திறந்திருக்கிறது’ என்று வரும். ஆகவே ஆட்டோமேஷனில் 10 நொடி தாமதம் சேருங்கள். முழுதாக மூடியதா, காற்றுக்கு விட்டதா என்று பிரித்துச் சொல்ல இந்த வழியால் முடியாது. ஆகவே ஏசியை அணைக்கும் ஆட்டோமேஷனுக்கு இந்த ஜன்னலை நம்ப வேண்டாம்.

கேள்வி: கதவு பூட்டியிருக்கிறதா என்றும் சென்சார் சொல்லுமா?

பதில்: சொல்லாது. சாத்தியதை மட்டும்தான் அறியும். தாழ்ப்பாள் போட்டதா என்பதற்கு ஸ்மார்ட் பூட்டோ, தாழ்ப்பாள் நாக்கு நுழையும் துளைக்குள் வைக்கும் தனி சென்சாரோ வேண்டும்.

கேள்வி: ஒட்டிய சென்சார் அடிக்கடி விழுகிறது. எந்தப் பக்கம் ஒட்டுவது சரி?

பதில்: பேட்டரி உள்ள பெரிய பகுதியை அசையாத நிலைச்சட்டத்திலும், காந்தத்தைக் கதவிலும் வையுங்கள், கதவு அறைந்து மூடும் அதிர்ச்சி சென்சாருக்குப் போகாது. கீல் பக்கம் வேண்டாம். அங்கே கதவு பாதி திறந்தும் காந்தம் அதிகம் விலகாது. கைப்பிடிப் பக்கம், மேல் மூலையே சிறந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து நன்றாக உலரவிட்டு, அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஃபோம் டேப் முழுப் பலம் பெற 72 மணி நேரம் வரை ஆகும். உதிரும் சுண்ணாம்புப் பூச்சில் எந்த டேப்பும் நிற்காது, அங்கே திருகுதான்.

கேள்வி: பேட்டரி 100 சதவீதம் காட்டியது, மறுவாரமே தீர்ந்துவிட்டது. ஏன்?

பதில்: சிஆர்2032 போன்ற பட்டன் செல்லின் மின்னழுத்தம் ஆயுளின் பெரும்பகுதியில் 3 வோல்ட்டை ஒட்டியே நின்று, கடைசியில் சட்டென்று சரியும். சதவீதம் அந்த மின்னழுத்தத்தைப் பார்த்துப் போடும் மதிப்பீடே. வோல்ட் எண்ணே தெரியுமானால், 2.7 வந்ததும் மாற்றிவிடுங்கள். ரீசார்ஜ் ஆகும் எல்ஐஆர்2032ஐப் போடக் கூடாது. முழு சார்ஜில் 4.2 வோல்ட் வரும், 3 வோல்ட் சாதனத்தைக் கெடுத்துவிடும்.

கழற்றிய பழைய செல்லை மேசையில் விட்டுவிடாதீர்கள். குழந்தை விழுங்கி உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்துக்குள் கடுமையாகப் புண்ணாக்கிவிடும். தீர்ந்த செல்லிலும் அதற்குப் போதிய மின்சாரம் மிச்சமிருக்கும். இரு பக்கமும் டேப் ஒட்டி எட்டாத இடத்தில் வையுங்கள். விழுங்கியதாகச் சந்தேகம் வந்தாலே வாந்தி எடுக்க வைக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.