போலீஸா, எழுத்தா: தண்டையார்பேட்டையிலிருந்து கேட்ட அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

உங்கள் கடிதத்தில் இரண்டு பயம் ஒன்றாகக் கலந்து கிடக்கிறது. பிளஸ் டூ முடிக்கப்போகிற பையன் நோட்டு நோட்டாகக் கதை எழுதுகிறான், "எழுத்தாளர் ஆகப்போறேன்" என்கிறான், இவன் எப்படிப் பிழைப்பான் என்பது ஒன்று. அவன் அப்பா "பேசாம போலீஸ்ல சேரு" என்று பிடிவாதமாக நிற்கிறார், சேர்ந்தால் பிள்ளை எழுதுவதை விட்டுவிட்டு முகம் செத்துப்போவானோ என்பது இன்னொன்று. முதல் பயத்தோடு வருகிற அம்மாக்கள் நிறைய. இரண்டாவதோடு வருகிறவர்கள் அபூர்வம். அதனால்தான் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போலீஸ் வேலையில் இருந்துகொண்டு தாராளமாக எழுதலாம். ஆனால் கதை கிடைக்கும் என்பதற்காகப் போலீஸில் சேரக் கூடாது. வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்து இந்த இரண்டையும் பேசிவிட்டால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

"போலீஸ்காரனுக்கு எதுக்குக் கதை" என்று அப்பா கேட்கிறாராம். அவரிடம் திலகவதி ஐ.பி.எஸ். பெயரைச் சொல்லுங்கள். 1976ல் ஐ.பி.எஸ். ஆனவர், தமிழ்நாட்டின் முதல் பெண் ஐ.பி.எஸ். அதிகாரி, டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்றார். வேலையில் இருந்துகொண்டேதான் சிறுகதை, நாவல், மொழிபெயர்ப்பு என்று எழுதினார். 2005ல் 'கல்மரம்' நாவலுக்குச் சாகித்திய அகாடமி விருது வந்தபோதும் பணியில்தான் இருந்தார். தம்பி இதில் கவனிக்க வேண்டிய விஷயம் வேறு. அந்த நாவல் போலீஸ் கதையே இல்லை, கட்டட வேலைக்குப் போகிற ஜனங்களின் கதை. காக்கி போட்டவர் காக்கியைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் கிடையாது.

இன்னொரு வழியும் உண்டு. டி.ஜி.பி.யாக ஓய்வு பெற்ற சைலேந்திரபாபு பணியில் இருந்தபோதே உடற்பயிற்சி பற்றியும் போட்டித் தேர்வு பற்றியும் புத்தகங்கள் போட்டார். வழக்கு விவகாரம் எதையும் தொடாததால் யாருக்கும் சங்கடமில்லை. விஜயகுமார் கதை வேறு மாதிரி. வீரப்பனைப் பிடிக்கும் அதிரடிப்படைக்குத் தலைமை ஏற்றவர், அதற்கு முன் நம் சென்னைக்கே கமிஷனர். வீரப்பன் கொல்லப்பட்டது 2004 அக்டோபர் 18. அதைப் பற்றிய அவருடைய ஆங்கிலப் புத்தகம் வந்தது 2017ல். நடுவில் 13 வருஷம், பணி ஓய்வும் ஆகிவிட்டது. பெரிய வழக்கைக் கையாண்டவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் காத்திருந்து எழுதுகிறார்கள்.

வெளியூர்களிலும் ஆள் இருக்கிறார்கள். கேரளப் போலீஸில் வேலை பார்த்த ஷாஹி கபீர் சினிமாவுக்குத் திரைக்கதை எழுதப் போனார். அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் போலீஸிலிருந்த ஜோசப் வாம்பா 1971ல் முதல் நாவலைப் போட்டார், புகழ் கூடக் கூட ஸ்டேஷன் வேலை செய்ய முடியாமல் போய் 1974ல் ராஜினாமா செய்தார். ஜார்ஜ் ஆர்வெல் 1922லிருந்து 1927 வரை பர்மாவில் போலீஸ் அதிகாரி. அந்த வேலையை வெறுத்து விட்டுவிட்டு வந்த பிறகுதான் அவர் எழுத்தாளர் ஆனார். எல்லோருக்கும் ஒரே பாதை அமையவில்லை என்பதற்காகத்தான் இவர்களைச் சொல்கிறேன்.

அடுத்து காசு. இதைத் தம்பிக்கு நேராகவே சொல்லுங்கள், மனசு நோகுமே என்று மறைக்க வேண்டாம். தமிழில் எழுத்தாளருக்கு ராயல்டி பெரும்பாலும் விலையில் 10 சதவீதம். 200 ரூபாய் புத்தகம் 500 பிரதி விற்றால் கையில் 10,000 ரூபாய். அதுவும் வருஷக் கணக்கு முடிந்து வரும். இரண்டாம் நிலைக் காவலருக்குச் சம்பள விகிதமே 18,200 ரூபாயில் தொடங்குகிறது, எஸ்.ஐ.க்கு 36,900. இதற்கு மேல் படிகள் தனி. எழுத்தை நம்பி வாடகை கொடுக்கிறவர்கள் தமிழில் மிகக் குறைவு, அவர்களிலும் பலரைக் காப்பாற்றுவது சினிமாவும் சீரியலும்தான். அப்பா சொல்வதில் பாதி நியாயம் இங்கே இருக்கிறது.

ஆனால் பிளஸ் டூ முடித்த கையோடு காவலர் தேர்வு எழுதச் சொல்கிறாரே, அதில் எனக்கு உடன்பாடில்லை. பத்தாம் வகுப்புத் தகுதியும் 18 வயதும் போதும் என்பது உண்மைதான். ஆனால் அப்படிச் சேர்கிறவர்கள் முதலில் போவது ஆயுதப்படைக்கோ சிறப்புக் காவல் படைக்கோ. பந்தோபஸ்து, கார்டு டியூட்டி, மறுபடி பந்தோபஸ்து. உள்ளூர் ஸ்டேஷனுக்கு வந்து சேர வருஷங்கள் ஆகும். 2021லிருந்து வார விடுமுறைக்கு அரசாணை இருக்கிறது, ஆனால் தேர்தலோ திருவிழாவோ தலைவர் வருகையோ வந்தால் என்ன ஆகும் என்று உங்கள் தெருவில் இருக்கிற ஏதாவது ஒரு போலீஸ்காரர் வீட்டம்மாவைக் கேட்டுப்பாருங்கள். எழுதுகிற பிள்ளைக்கு இருபது வயசில் தேவைப்படுவது தூக்கமும் தனிமையும். அந்த வேலையில் இரண்டும் கிடைக்காது.

ஒரு டிகிரி முடிக்கட்டும். பக்கத்திலேயே தியாகராயா கல்லூரி இருக்கிறது, வியாசர்பாடியில் அம்பேத்கர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. டிகிரி இருந்தால் சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் எஸ்.ஐ. தேர்வு எழுதலாம், குறைந்தபட்ச வயது 20. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1 வழியாக டி.எஸ்.பி. ஆகலாம். யு.பி.எஸ்.சி.யில் தமிழ் இலக்கியத்தையே விருப்பப் பாடமாக எடுக்கலாம், இரண்டு தாள் சேர்த்து 500 மதிப்பெண். கட்டுரைக்கு என்று தனியாக 250 மதிப்பெண் தாளும் உண்டு. எழுதிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஓரளவு சாதகம்தான், ஆனாலும் யு.பி.எஸ்.சி.யை மட்டும் நம்பி உட்காரச் சொல்லமாட்டேன். எஸ்.ஐ. தேர்வை அடிப்படையாக வைத்துக்கொண்டு மற்றதைக் கூடவே முயற்சி செய்வது நல்லது. எஸ்.ஐ. தேர்வின் தமிழ்த் தகுதித் தாளில் அவனுக்குச் சிரமம் இருக்காது. இடறப்போவது உளவியல், தர்க்கக் கேள்விகளில், அப்புறம் மைதானத்தில். ஆண்களுக்கு 1,500 மீட்டரை ஏழு நிமிஷத்தில் ஓட வேண்டும். உயரம் 170 செ.மீ., எஸ்.சி., எஸ்.டி. பிரிவினருக்கு 167. சுவரோடு நிற்கவைத்து இன்றைக்கே அளந்துவிடுங்கள், உயரம் போதாதென்றால் இந்த விவாதமே வேறு மாதிரி ஆகிவிடும்.

இப்போது ஒரு அவசர விஷயம். நம் வடசென்னைப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லாமல் எந்த ஆலோசனையும் முழுசாகாது. கல்லூரிக்குப் போனதும் பஸ் டே, 'ரூட்டு தல' (ஒரு பஸ் ரூட்டில் வரும் மாணவர்களுக்குத் தலைவன்) என்று ஒரு உலகம் அவனைக் கூப்பிடும். ரயிலில் கத்திக்கொண்டு போவது, பஸ் கூரை மேல் ஏறுவது, இன்னொரு கல்லூரிப் பையன்களோடு கைகலப்பு என்று போகும். தம்பி சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போயிருப்பான், எப்.ஐ.ஆர்.இல் பன்னிரண்டாவது பெயராக அவன் பெயர் ஏறியிருக்கும். போலீஸ் வேலைக்கு முன்னடத்தை விசாரணை வரும்போது அதுதான் எழுந்து நிற்கும். கோர்ட்டில் விடுதலை ஆகிவிட்டதே என்பார்கள். சந்தேகத்தின் பலனில் விடுதலையானால் வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதலாம் என்று தமிழ்நாட்டுக் காவல் பணி விதியில் இருக்கிறது. வழக்கை மறைத்து விண்ணப்பித்தால் அதுவே இன்னொரு குற்றம். அவன் ஒரு வருஷம் எழுதாமல் இருந்தால்கூடப் பரவாயில்லை. இதில் மட்டும் கண்ணை எடுக்காதீர்கள்.

விதிகளுக்கு வருவோம். ஐ.பி.எஸ். உள்ளிட்ட அகில இந்தியப் பணியாளர்களின் 1968ஆம் வருஷ நடத்தை விதிகள், அலுவல் கெடாத வரை அவ்வப்போது இலக்கிய வேலை செய்ய முன் அனுமதி கேட்கச் சொல்வதில்லை. காவல் படையினரின் உரிமைகளைக் கட்டுப்படுத்தும் 1966ஆம் வருஷ மத்தியச் சட்டமும் பத்திரிகைக்கு எழுதுவதையும் புத்தகம் போடுவதையும் தடுத்துவிட்டு, தூய இலக்கிய, கலை, அறிவியல் எழுத்துக்கு விலக்கு தருகிறது. எஸ்.ஐ., காவலர் பணிக்கு மாநில அரசின் நடத்தை விதிகள் தனியாக உண்டு. சேர்ந்த முதல் மாதமே அதை வாங்கி வரிவரியாகப் படிக்க வேண்டும், சந்தேகம் வந்தால் எழுத்துப்பூர்வமாக அனுமதி கேட்டுவிட வேண்டும். அரசை விமர்சித்து ஃபேஸ்புக்கில் ஒரு பதிவு போட்டாலே மெமோ வரும், இதில் எழுத்தாளர் என்று தனிச் சலுகை எதுவும் கிடைக்காது.

விதியைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, சினிமா பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு அது லேசில் புரியாது. ஸ்டேஷனுக்கு வருகிற கதை புகார் கொடுக்க வந்தவருடையது. பாலியல் வன்முறைக்கு ஆளானவரின் அடையாளத்தை வெளியிடுவது பாரதிய நியாய சம்ஹிதா 72ஆம் பிரிவின்படி குற்றம், குழந்தைகள் விஷயத்தில் போக்சோ சட்டத்தின் 23ஆம் பிரிவு தடுக்கிறது. சட்டம் தொடாத வழக்குகளிலும் நிலைமை லேசானதல்ல. கொருக்குப்பேட்டையில் ஒரு குடும்பச் சண்டையை எழுதிவிட்டுப் பெயரை மட்டும் மாற்றினால் போதுமா? தெரு முனை டீக்கடையில் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடுவார்கள். அந்தப் பெண் மறுபடி ஸ்டேஷன் வாசலை மிதிப்பாளா? கதைக்காகப் போலீஸில் சேரக் கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். மனுஷரை மெட்டீரியலாகப் பார்க்கிறவர் நல்ல போலீஸாகவும் இருக்க மாட்டார். நல்ல எழுத்தாளராகவும் இருப்பாரா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

அதே சமயம் அந்த வேலை எழுதுகிறவருக்குக் கொடுப்பதும் நிறைய. ஒரு ஸ்டேஷனில் பாதி வேலை எழுத்து வேலைதான். சி.எஸ்.ஆர். (புகார் வாங்கியதற்கான ரசீது) போடுவது, எப்.ஐ.ஆர்., சாட்சி வாக்குமூலம், கேஸ் டைரி என்று நாள் முழுக்க ஓடும். இதற்கென்றே ரைட்டர் என்று ஒருவர் உட்கார்ந்திருப்பார். சங்கிலி பறிகொடுத்த பெண்மணி அழுதுகொண்டே முன்னும் பின்னுமாகச் சொல்வதை, எத்தனை மணி, எந்த இடம், வண்டி என்ன கலர் என்று கேட்டுக் கேட்டு ஒழுங்காக அடுக்க வேண்டும். தன் சொந்தச் சரக்கு ஒரு சொல்கூட நடுவில் நுழையக் கூடாது. இந்தப் பயிற்சியை எந்தக் கல்லூரியிலும் சொல்லித்தர மாட்டார்கள்.

தம்பி இதை இப்போதே தொடங்கலாம். காசிமேட்டில் காலையில் ஏலம் நடக்கும்போது ஒருநாள் போய் நிற்கட்டும். ஒரு சம்பவத்தை இரண்டு விதமாக எழுதட்டும். முதலில் ஸ்டேஷன் பாணி: "காலை சுமார் 5.30 மணிக்கு மீன்பிடித் துறைமுகத்தில் ஒரு கூடை வஞ்சிரம் தொடர்பாக இருவருக்குள் வாய்த்தகராறு ஏற்பட்டு, ஒருவர் மற்றவரைக் கையால் தள்ளியதில் கூடை கவிழ்ந்தது." அவ்வளவுதான், கருத்து எதுவும் கூடாது. அப்புறம் அடுத்த பக்கத்தில் கதையாக எழுதட்டும். சிதறின மீனைப் பொறுக்கிக் கொடுத்தது யார், பொறுக்குகிற சாக்கில் ஒன்றைத் தன் அன்னக்கூடையில் போட்டுக்கொண்டது யார், தள்ளின ஆள் அதற்குப் பிறகு யார் முகத்தைப் பார்த்தார் என்பதெல்லாம் இங்கேதான் வரும். முதல் பக்கம் சரியாக வராமல் இரண்டாவது வராது. அவன் அனுப்பியிருந்த கதையில் முதல் பத்தியிலேயே ரத்தம், அரிவாள், மழை எல்லாம் வந்துவிட்டன. வடசென்னை என்றால் இவ்வளவுதான் என்று சினிமாக்காரர்கள் முடிவு கட்டி ரொம்ப நாளாயிற்று. உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதையே எழுதினால் எப்படி? ஸ்டேஷன் மேஜைக்கு இந்தப் பக்கம் நிற்கிறவர்களை அவனுக்குப் பிறந்ததிலிருந்து தெரியும். அந்தப் பக்கமும் உட்கார்ந்து பார்க்க வாய்த்தால் அவனால் எழுத முடிகிறதை வேறு யாராலும் எழுத முடியாது.

எழும்பூரில் பழைய கமிஷனர் அலுவலகக் கட்டடத்தில் காவல் அருங்காட்சியகம் இருக்கிறது, பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். ஒரு சனிக்கிழமை அப்பாவும் பையனும் மட்டும் இரண்டு இடத்துக்கும் போய்வரட்டும், நீங்கள் நடுவில் போக வேண்டாம். கன்னிமாராவில் திலகவதியின் சிறுகதைகளைத் தேடி எடுத்து, அப்பாவும் ஒன்றாவது படிக்கட்டும். படிப்புக்கு வீட்டில் இடம் போதவில்லை என்று எழுதியிருந்தீர்கள். கொளத்தூரில் முதல்வர் படைப்பகம் இருக்கிறது, போட்டித் தேர்வுப் பிள்ளைகள் நிறைய அங்கேதான் உட்காருகிறார்கள்.

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் மூன்று பேருமாக வாருங்கள். மார்க் ஷீட், அளந்த உயரம், அந்தக் காசிமேடு இரண்டு பக்கம், இவ்வளவு போதும். எந்தக் கல்லூரி, எந்தப் பாடம் என்பதை அன்றைக்கே முடிவு செய்துவிடலாம்.